கிராமக் கணக்கும் கடவுச்சொல் காவலும்

தருமபுரி ஜில்லாவில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கிளையாக நிற்கும் வத்தல்மலையில் சாமை, கேழ்வரகு, கடுகு முதலிய மானாவாரிப் பயிர்களும், நிழல் மரங்களின் அடியில் காப்பியும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியும் சாகுபடியாகி வருகின்றன. இம்மலையில் வசிக்கும் மலையாளிக் குடியானவர், தம் நிலத்தைப் பற்றிய ஒரு கணக்கு நகல் வேண்டுமானாலும், முன்காலத்தில் மலையிறங்கி நெடுந்தூரம் சென்றாக வேண்டியிருந்தது. இப்போது மலைக்குப் பாதை உண்டு, பேருந்தும் ஏறுகிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றின் நகல்களை இணையத்தின் வழியே இருந்த இடத்திலிருந்து பெறலாம். சர்க்கார் அளிக்கும் உதவித் தொகையும் நேரே வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. இவையாவும் குடிகளுக்குப் பெரிய அனுகூலங்களே என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அனுகூலம் வந்த வழியிலேயே ஓர் அபாயமும் வந்திருக்கிறது. கர்ணத்தின் கணக்குக் கட்டு மரப்பெட்டியில் இருந்த காலத்தில், அதைத் திருத்த விரும்பியவன் பெட்டியின் சாவியைத் தேட வேண்டும். இன்று கணக்கு இருக்கும் பெட்டி எங்கோ தொலைவிலுள்ள கணினி. அதன் சாவியோ ஒரு சொல். இரும்புச் சாவி கைமாறினால், கொடுத்தவனிடம் அது இராது. ஆதலால் இழப்பு உடனே தெரியும். சொல்லாகிய சாவி கைமாறினால், கொடுத்தவனிடமும் இருக்கும், பெற்றவனிடமும் இருக்கும். பத்துப் பேரிடம் சென்ற பின்னும் முதல்வனுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாது. இந்த வேற்றுமையை உணராமையால் விளைந்த கேட்டைத் தமிழ்நாடு 2020-ஆம் ஆண்டில் நன்கு அனுபவித்தது. ஆகவே இவ்விஷயத்தை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகிறது.

பழைய ஏற்பாட்டின் நுட்பம்

சென்னை மாகாணத்துக் கிராம நிர்வாகத்தில் கணக்கு எழுதியவர் கர்ணம். தீர்வையை வசூலித்தவர் மணியகாரர் என்னும் கிராம முன்சீப். எழுதுகிறவர் கையில் பணம் இல்லை. பணம் வாங்குகிறவர் கையில் கணக்கு இல்லை. ஒருவர் தவறினால் மற்றவருடைய ஏட்டில் அது வெளிப்படும். இருவரையும் ரெவினியூ இன்ஸ்பெக்டர் தணிக்கை செய்தார். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் மேலதிகாரியின் முன்னிலையில் கணக்குகள் யாவும் விரிக்கப்பட்டன. 1980-ஆம் ஆண்டு நவம்பரில் இப்பரம்பரைப் பதவிகள் நீக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். பதவிகள் மாறினும் ஜமாபந்தி இன்றளவும் நடைபெற்று வருகிறது.

இவ்வேற்பாட்டில் மூன்று தத்துவங்கள் அடங்கியிருந்தன. முதலாவது, கணக்கைத் தொடுகிறவர் இன்னார் என்பது ஐயமின்றித் தெரிந்திருந்தது. இரண்டாவது, அவரவர் செய்யத்தக்க காரியத்துக்கு எல்லை இருந்தது. மூன்றாவது, செய்த காரியத்தின் சுவடு பின்னால் பார்க்கத்தக்கதாக நின்றது. இணையவழிக் கணக்கு முறையிலும் வேண்டப்படுவன இம்மூன்றேயன்றி வேறல்ல. ‘நீ யார்?’ என்று கேட்டு மெய்ப்பித்துக் கொள்வது அடையாள உறுதி. ‘உனக்கு எவ்வளவு உரிமை?’ என்று வரையறுப்பது அனுமதி. ‘நீ செய்தது என்ன?’ என்று குறித்து வைப்பது நடவடிக்கைப் பதிவு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும்.

2020-ஆம் ஆண்டின் படிப்பினை

மத்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளில் தவணைக்கு ரூ. 2,000 வீதம், நிலமுடைய விவசாயக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுடையோருக்கே உரியதாயிருந்த இது, 2019 ஜூன் மாதத்தில் நிலமுடைய குடும்பங்கள் யாவற்றுக்கும் விரிக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர் முதலிய சில வகையினர் மட்டும் விலக்கப்பட்டனர்.

2020 ஆகஸ்டில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களில், நிலமே இல்லாதவர்களும் தகுதியற்றவர்களும் பெருந்தொகையாக இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட ஜில்லாக்களின் வரிசையில் தருமபுரியும் இருந்தது. தகுதியற்றவர்களின் தொகை ஏறக்குறைய 5.5 லட்சம் என்றும், அவர்கள் பெயரால் சென்ற தொகை சுமார் ரூ. 110 கோடி என்றும், அதில் சுமார் ரூ. 32 கோடி திரும்பப் பெறப்பட்டதென்றும் அவ்வாண்டு செப்டம்பரில் மாநில சர்க்கார் தரப்பில் அறிவிக்கப்பட்டது. விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தற்காலிக ஊழியர் பலர் நீக்கப்பட்டனர், தரகர்கள் கைதாயினர்.

இதில் பூட்டு உடைக்கப்படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. கணினியின் உள்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்த எவனும் இதற்குத் தேவைப்படவில்லை. உத்தியோகஸ்தர்களுக்கு அளிக்கப்பட்ட பயனர் பெயரும், பாஸ்வேர்டு என்று வழங்கும் கடவுச்சொல்லும் உரியவர் கையை விட்டுத் தற்காலிக ஊழியர்களுக்கும், அவர்கள் வழியே தரகர்களுக்கும், கணினி மையத்தாருக்கும் சென்று சேர்ந்தன. கணக்கு முறையைப் பொறுத்தமட்டில், வந்தவர் உத்தியோகஸ்தரே. ஆதலால் அது கதவைத் திறந்தது. கோரிக்கையைப் பதிகிறவரும் அதை ஏற்றுக் கையொப்பமிடுகிறவரும் வேறு வேறு ஆட்களாயிருந்தாலன்றோ தணிக்கை என்பது பொருளுடையதாகும்! இரு சாவியும் ஒரே மேசையில் கிடந்தபடியால் தணிக்கை பெயரளவில் நின்றது.

இதன் துன்பம் சர்க்கார் பொக்கிஷத்தோடு நின்றுவிடவில்லை. தங்கள் ஆதார் நகலையும் வங்கிப் புஸ்தகத்தின் நகலையும், ஏதோ ஓர் உதவி வருகிறதென்று நம்பித் தரகர்களிடம் கொடுத்த ஏழைக் கூலியாட்கள், வந்த தொகையில் ஒரு பகுதியைத் தரகருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் முழுத் தொகையையும் திரும்பச் செலுத்த வேண்டியவர்களானார்கள். கடவுச்சொல்லைக் கொடுத்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்.

தரவுத்தளம் என்பது யாது?

தரவுத்தளம் என்பது கட்டம் போட்ட பெரிய பதிவேடு. அடங்கலில் சர்வே எண், பரப்பு, பயிர், சாகுபடி செய்பவர் என்று பத்திகள் இருப்பதுபோல், இதிலும் பத்திகளும் வரிகளும் உள்ளன. குடியானவர் தம் கைப்பேசியிலோ கணினியிலோ காணும் பக்கம் பதிவேடு அன்று. அது கச்சேரியின் ஜன்னல் போன்றது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் கேட்கிறார். உள்ளிருக்கும் செயலி பதிவேட்டைப் புரட்டி விடை சொல்கிறது. எனவே காவல் இரண்டு இடங்களில் வேண்டும். ஜன்னலில் நிற்பவர் யாரென்று அறிவது ஒன்று; உள்ளிருக்கும் செயலி பதிவேட்டில் எந்த ஏட்டைத் தொடலாம் என்று வரையறுப்பது மற்றொன்று. பலர் முதற்காவலை மட்டும் அமைத்துவிட்டு இரண்டாவதை மறந்து விடுகிறார்கள்.

பதிவேட்டில் செய்யத்தக்க காரியங்கள் நான்கே: படித்தல், புதிய வரி சேர்த்தல், உள்ள வரியைத் திருத்தல், நீக்கல். கணினி மொழியில் இவற்றைச் செலெக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் என்பர். எவருக்கு எந்த ஏட்டில் எந்தக் காரியம் செய்ய உரிமை என்று அளிக்கும் உத்தரவுக்குக் கிராண்ட் என்றும், அளித்ததைத் திரும்பப் பெறும் உத்தரவுக்கு ரிவோக் என்றும் பெயர். வேலைக்கு வேண்டிய அளவு உரிமையே கொடுக்க வேண்டும், அதற்கு மேல் ஓர் அணுவும் கொடுக்கலாகாது என்பது இத்துறையின் தலையாய விதி. அமெரிக்க அறிஞர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இவ்விதி தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது.

செயலியும் தரவுத்தளத்துக்குள் ஒரு பயனராகவே நுழைகிறது. அதற்கு முழு அதிகாரமும் கொடுத்து வைப்பது, வாயிற்காவலனிடம் பொக்கிஷச் சாவியைக் கொடுத்து வைப்பதை ஒக்கும். விஷமி ஒருவன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் உத்தரவை எழுதி அனுப்புவதுண்டு. சரியாக அமைக்கப்படாத செயலி அதை உத்தரவென்றே உள்ளே கொடுத்துவிடும், பதிவேடும் கீழ்ப்படியும். கட்டத்தில் எழுதியது எதுவாயினும் அது வெறும் எழுத்தே, உத்தரவன்று என்று பிரித்து அனுப்பும்படி செயலியை அமைப்பது முதல் மருந்து. செயலிக்கே நீக்கும் உரிமை இல்லாமற் செய்து வைப்பது இரண்டாவது மருந்து.

கடவுச்சொல்லைக் காக்கும் முறை

கணினியில் கடவுச்சொல் முதன்முதல் வழக்கத்துக்கு வந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே 1960-களின் தொடக்கத்தில் கோர்பாட்டோ என்னும் அறிஞரின் தலைமையில் அமைந்த கணினியைப் பலர் முறை வைத்து உபயோகித்தனர். 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் யாவும் எழுதப்பட்டிருந்த கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்கு ஒரு துளையிட்ட அட்டை மூலம் கோரிக்கை கொடுத்தார். கணினியும் அச்சிட்டுத் தந்தது. கடவுச்சொற்களை எழுதியபடியே ஓரிடத்தில் வைத்தல் தகாது என்பதற்கு இதனினும் பழைய சாட்சி வேண்டியதில்லை.

இப்போது கையாளப்படும் நல்ல முறை வேறு. கேழ்வரகை அரைத்தால் மாவாகும். மாவை மறுபடி கேழ்வரகாக்க எவராலும் இயலாது. அதுபோல் கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கீட்டில் அரைத்து, அதனால் வந்த மாவை மட்டும் பதிவேட்டில் வைக்கிறார்கள். உரியவர் மறுமுறை வந்து சொல்லும்போது அதையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகி விடுமாதலால், ஆளுக்கு ஒரு தனிச் சிட்டிகை சேர்க்கிறார்கள். அதற்கு உப்பு என்றே பெயர். அரைப்பதையும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள். உரியவருக்கு ஒரு நொடிக்குள் முடியும் காரியம், கோடிக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்க்க முயலும் திருடனுக்கு ஆண்டுக்கணக்காகும். இதற்கென்றே அமைந்த பிகிரிப்ட் என்னும் முறை 1999-இல் வெளியிடப்பட்டது. எந்த ஸ்தாபனமாவது, மறந்துபோன கடவுச்சொல்லை அப்படியே எழுதி அனுப்புமாயின், அது கேழ்வரகை அரைக்காமல் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சொல் ஒன்றை மட்டும் நம்பாமல், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணாகிய ஓ.டி.பி.யோ, கைரேகையோ, முகத்தோற்றமோ சேர்த்துக் கேட்பது மேலும் காவலாகும். கிசான் திட்டத்திலும் இப்போது இத்தகைய அடையாள உறுதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்த முதியவர்களுக்கு முகத்தோற்றத்தால் உறுதி செய்யும் வசதியும் உண்டு.

ஓர் உதாரணம்

மலையில் விளையும் காப்பி, மிளகு, சாமை ஆகியவற்றைச் சேர்த்து விற்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தன் கணக்கை இணையச் செயலியில் வைக்க விரும்புவதாகக் கொள்ளலாம். அதில் உரிமைகளைப் பின்வருமாறு பங்கிடுதல் நலம்.

1. எடை எழுதுபவர்: எடை ஏட்டில் புதிய வரி சேர்க்கலாம், எழுதிய வரியைத் திருத்தலாகாது, பண ஏட்டைக் காணவும் வேண்டியதில்லை.

2. காசாளர்: எடை ஏட்டைப் படிக்கலாம், பண ஏட்டில் வரி சேர்க்கலாம், எடையைத் தொடலாகாது.

3. செயலாளர்: இரண்டையும் படித்து ஒப்புதல் தரலாம், தாம் பதிந்ததற்குத் தாமே ஒப்புதல் தரலாகாது.

4. உறுப்பினர்: தம் பெயரிலுள்ள வரிகளை மட்டும் படிக்கலாம்.

5. தணிக்கையாளர்: யாவற்றையும் படிக்கலாம், ஒன்றையும் மாற்றலாகாது.

நீக்கும் உரிமை எவருக்கும் வேண்டாம். பிழை நேர்ந்தால் பழைய வரியை அழிக்காமல், அதற்கு எதிர்வரி எழுதிச் சரிசெய்வதே முறை. நல்ல கணக்கப்பிள்ளை மைக்கோட்டின்மேல் சுரண்டுவதில்லை. 40 கிலோ மிளகு 4 கிலோவாக எழுதப்பட்டால், எழுதியவர், நாள், மணி, திருத்தியவர், காரணம் ஆகிய யாவும் பதிவில் நிற்க வேண்டும். அப்போதுதான் குடியானவருக்கு நியாயம் கிடைக்கும்; குற்றமற்ற ஊழியருக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

கடவுச்சொல் கையொப்பத்துக்குச் சமானம். உதவியாளருக்கு வேலை அதிகமென்றால் அவருக்கெனத் தனிப் பயனர் பெயரைக் கேட்டுப் பெற வேண்டுமேயன்றித் தம்முடையதைக் கொடுத்தல் கூடாது. பலர் ஒரு பெயரால் நுழைந்தால் நடவடிக்கைப் பதிவு குருடாகிவிடும். குற்றம் பெயருக்குரியவர் தலைமேல் விழும். பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாக உபயோகிப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைவாசமும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

மாற்றலாகிச் செல்பவர், ஓய்வு பெறுபவர், ஒப்பந்தம் முடிந்தவர் ஆகியோரின் உரிமை, பொறுப்பு ஒப்படைக்கும் அன்றே திரும்பப் பெறப்பட வேண்டும். வேலையாள் போன பின்னும் அவன் பெயரில் திறந்து கிடக்கும் கணக்கு, வேலியில் விட்ட சந்து. வேலை முடிந்ததும் செயலியை விட்டு வெளியேறாமல் எழுந்து செல்வதும் அத்தகையதே. ஜமாபந்திக்குக் கணக்குகளை ஒழுங்கு செய்யும் சமயத்திலேயே, தம் கச்சேரியில் யார் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்னும் ஜாபிதாவையும் ஒருமுறை சரிபார்த்துக் கொண்டால், தனி முயற்சி தேவைப்படாது.

நிலமுடையோர் கவனத்துக்கு

மலைக் கிராமங்களில் கைப்பேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் ஒரே சீராய்க் கிடைப்பதில்லை. ஆதலால் படித்த பிள்ளை ஒருவனிடமோ, கீழே கடைவீதியிலுள்ள கணினி மையத்திலோ கைப்பேசியையே கொடுத்துவிட்டு வரும் வழக்கம் எளிதில் ஏற்பட்டு விடுகிறது. உதவி பெறுவதில் குற்றமில்லை. அருகில் இருந்து பெற வேண்டும். ஓ.டி.பி. வந்தால், அது எந்தக் காரியத்துக்கு வந்தது என்று செய்தியைப் படித்த பின்னரே சொல்ல வேண்டும். தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர் எவராயினும், சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றாலும், சொல்லலாகாது.

ஆதார் நகல் கொடுக்கும்போது, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகல் போதுமான இடங்களில் அதையே கொடுக்கலாம். முழு நகல் கொடுக்க நேர்ந்தால் எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று அதன்மேல் எழுதிக் கொடுப்பது நலம். கைரேகையைப் பிறர் தவறாக உபயோகிக்காதபடி பூட்டி வைக்கவும், வேண்டும்போது திறக்கவும் ஆதார் ஆணையம் வசதி செய்திருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை, தம் பட்டாவின் நகலையும் உதவித் தொகையின் நிலையையும் தாமே பார்த்துக் கொள்ள வேண்டும். பட்டா இறந்துபோன பாட்டனாரின் பெயரிலேயே நிற்கும் குடும்பங்கள், வாரிசுப் பெயர் மாற்றத்தைக் காலம் தாழ்த்தாமல் செய்து கொள்வது அவசியம். உரியவர் பெயர் இல்லாத ஏட்டில் பிறர் பெயர் நுழைவது எளிது.

சாமை விதைத்த காட்டுக்குப் பன்றி வராதிருக்க இரவெல்லாம் பரண்மேல் விழித்திருக்கும் குடியானவருக்குக் காவல் என்பது புதிய பாடமன்று. விளைந்த கதிரைக் காப்பதற்குள்ள ஜாக்கிரதையில் ஒரு பங்கு, அந்நிலம் தம்முடையதே என்று சொல்லும் கணக்கைக் காப்பதிலும் இருந்தால் போதும். உத்தியோகஸ்தர் தம் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள, குடியானவர் தம் எண்ணைத் தம்மிடமே வைத்துக்கொள்ள, தணிக்கை செய்பவர் ஆண்டுதோறும் ஏட்டைப் புரட்ட, 2020-இல் நேர்ந்தது மறுபடி நேராமல் தடுக்கலாம்.